மலாயாப் பல்கலைக்கழகத்து இணைவுப் பொறி: ஒரு மதிப்பீடு

பிரிக்பீல்ட்ஸில் தமிழாசிரியர் சிலர் கூடியிருந்த இடத்தில் அண்மையில் ஒரு வினா எழுந்தது. "அணுக்கரு இணைவால் மின்சாரம் எடுக்க நம் நாட்டாரும் முயன்று தோற்றார்களாமே?" என்றார் ஓர் அன்பர். "பாங்கியில் இருக்கிறதே, அந்த உலைதானே?" என்றார் அருகிலிருந்தவர்.

இரு கூற்றிலும் பிழை உண்டு. பின்னதை முதலில் களைந்துவிடலாம். பாங்கியில் 1982ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய டிரிகா உலை யுரேனியக் கருவைப் பிளப்பது. ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரியது. இணைவோ இதற்கு மறுதலை. நீரகத்தின் இனமாகிய டியூட்டீரியத்தின் கருக்கள் ஒன்றோடொன்று கூடுவது அது. பிளப்பதையும் கூட்டுவதையும் 'அணுசக்தி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு மேலே செல்வது நம்மவரிடம் ஊறிய பழக்கம். வல்லினமும் மெல்லினமும் மாறினால் சிவப்பு மை தொடும் ஆசிரியர்கள் இதையும் பொறுக்கலாகாது.

முன்னதுதான் ஆராயத்தக்கது. இணைவுப் பொறி ஒன்று இங்கு இருந்தது உண்மையே. அது அமைந்த இடம் லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகம். அமைத்தவர் பேராசிரியர் லீ சிங். 1985-86இல், ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகமும், திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் நிறுவிய அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் நடுவமும் துணைநிற்க, வளரும் நாடுகளின் இயற்பியலார் சிலர் கோலாலம்பூர் வந்து சில மாதங்கள் தங்கிப் பயின்றனர்.

பொறியின் அமைப்பு எளியது. விரற் பருமனுள்ள செப்புக் குழல் ஒன்று நடுவில். அதைச் சூழ ஆறு கம்பிகள். இவற்றை அடக்கிய கலத்தில் மிகக் குறைந்த அழுத்தத்தில் டியூட்டீரிய வாயு. வெளியே ஒரேயொரு மின்தேக்கி. அதில் 15,000 வோல்ட்டு ஏற்றித் திறந்துவிட்டால், வாயு பிளாஸ்மாவாகி, காந்த விசையால் குழலின் நுனிக்கு உந்தப்படும். நுனியில் உட்குவிந்து ஊசிபோல் நசுங்கும். அந்த நசுக்கம் நீடிப்பது நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே. அதற்குள் வெளிப்படும் நியூட்ரான்களும் ஏறத்தாழப் பத்துக் கோடி.

பத்துக் கோடி என்றதும் வியக்க வேண்டா. அத்தனை நியூட்ரான்களைத் தந்த இணைவின் ஆற்றலைக் கூட்டினாலும் ஒரு ஜூலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே தேறும். மின்தேக்கியில் இட்டதோ மூவாயிரம் ஜூலுக்கு மேல். ஏறத்தாழ மூன்று கோடி வெள்ளி முதல் போட்டு ஒரு வெள்ளி எடுத்த வணிகம் இது! கிள்ளானுக்கு அருகே காப்பார் நிலையத்தில் நிலக்கரி எரிப்பவர் கேட்டால் நகைப்பார். ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்கர் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியை இட்டு 3.15 மெகாஜூல் பெற்றபோதும், அந்த லேசரை இயக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று என்பதையும் உடன் வைத்து எண்ண வேண்டும்.

அப்படியானால் தோல்விதானே? ஒன்றை அதன் நோக்கத்தைக் கொண்டு அளப்பதே திறனாய்வின் முதல் நெறி. இலக்கண நூலில் காதற்சுவை இல்லையென்று குறை சொல்வார் உண்டோ? இப்பொறியைப் பற்றி லீயும் பயில வந்தோரும் சேர்ந்து 1988இல் அமெரிக்க இயற்பியல் இதழொன்றில் எழுதிய கட்டுரை, இதனைக் கற்பித்தலுக்கான எளிய அமைப்பு என்றே தலைப்பில் கூறுகிறது. மின்சாரம் என்ற பேச்சு அத்தலைப்பில் இல்லை. வந்தவர்கள் பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் தம் கையால் பூட்டிப் பழகினர். பின்னர் பாகிஸ்தான், எகிப்து, இந்தியா, தாய்லாந்து முதலிய நாடுகளின் கூடங்களில் இதே வகைப் பொறிகள் இயங்கின. அவற்றைக் கொண்டு மாணவர் பட்டம் பெற்றனர். 1988இல் ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மாப் பயிற்சிச் சங்கமும் பிறந்தது.

இதனருகே அர்ஜென்டினாவை வைத்துப் பாருங்கள். 1951 மார்ச்சில் அதிபர் பெரோன், ஊமுல் தீவில் ரிக்டர் என்பவர் இணைவாற்றலை வசப்படுத்திவிட்டார் என்று உலகறிய முழங்கினார். மறு ஆண்டு ஆராய்ந்த அறிஞர் குழு அங்கே ஒன்றும் இல்லையென்று கண்டது. முழக்கம் இல்லாத லெம்பா பந்தாயில் எண்ணிச் சொல்ல ஏதோ இருந்தது.

புகழ்ந்தே முடித்தால் அது திறனாய்வாகாது. கட்டுரைத் தலைப்பில் காணும் அடக்கம் பொறியின் பெயரில் இல்லை. 'பிளாஸ்மா இணைவு அமைப்பு' என்று பெயர் சூட்டினார்கள்; நம் அன்பரின் மயக்கத்துக்கு அப்பெயரும் ஒரு காரணம். இன்னொன்று: இவ்வகைப் பொறியில் வரும் நியூட்ரான்களிற் பெரும்பாலானவை, கதிரவனில் போல வெப்பத்தால் விளைந்தவை அல்ல, வேகங்கொண்ட அயனிக் கற்றை வாயுவில் மோதுவதால் விளைபவை. இந்த வேறுபாட்டைக் காணாமல் 1958 ஜனவரியில் ஆங்கிலேயரே தம் சீட்டா பொறியைப் பற்றி அவசரப்பட்டு அறிவித்துப் பின் நாணினர்.

பொறியைப் பெரிதாக்கினால் விளைச்சல் பெருகிக்கொண்டே போகாதா என்ற ஆசை இத்துறையினரிடம் நெடுநாள் இருந்தது. அதற்கு விடையளித்ததும் லீயே. மின்தேக்கியை எவ்வளவு பெருக்கினாலும், ஓடும் பிளாஸ்மாவே ஒரு தடையாக நின்று மின்னோட்டத்தை உயரவிடாது, நியூட்ரான் விளைச்சலும் தேங்கிவிடும் என்று 2009இல் கணக்கிட்டு வெளியிட்டார். தாம் வளர்த்த பொறியின் எல்லையைத் தாமே வரைந்து காட்டியவரைப் பற்றி 'முயன்று தோற்றார்' என்று பேசுவது எனக்கு உடன்பாடன்று.