விலைக்கு வந்த பிரசாவுரிமை

பிரசாவுரிமை பிறப்பினாலோ நெடுங்கால வாழ்வினாலோ வாய்ப்பது என்றே நாம் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். அது சந்தைப் பண்டமான வரலாற்றைச் சொல்லும் நூல்களுள், அதோசா அராக்சியா அப்ரகாமியன் ஆங்கிலத்தில் எழுதி 2015இல் வெளிவந்த 'த கொஸ்மோபொலைட்ஸ்' ஆசிரியர்கள் அவசியம் படிக்கத்தக்கது. அளவிற் சிறியது, பத்திரிகையாளரின் நேரடி விசாரணையிலிருந்து பிறந்தது.

நூலின் ஒரு முனையில் கரிபியன் தீவுநாடான சென்ற் கிற்ஸ் நிற்கிறது. 1983இல் சுதந்திரம் பெற்ற அந்நாடு, மறு ஆண்டிலேயே முதலீட்டுக்குப் பிரசாவுரிமை வழங்கச் சட்டம் இயற்றிற்று. 2005இல் அரசின் சீனித் தொழில் மூடப்பட, கரும்பை நம்பி வாழ்ந்தோர் வேலையிழந்தனர். பின்னர் அச்சீனித் தொழிலின் பெயரிலேயே ஒரு நிதியம் அமைத்து, அதற்குப் பணம் செலுத்தியோருக்குக் கடவுச்சீட்டு வழங்கினர்.

வாங்குபவர் அங்கு வாழவேண்டியிருக்கவில்லை. தனியாள் வருமான வரியும் அங்கில்லை. பெரும்பாலான நாடுகள் தம்மிடம் வதிவோரிடமே முழு வருமானத்துக்கும் வரி கேட்பதால், செல்வர் வதிவிடத்தை மாற்றினாற் போதும். அமெரிக்காவோ தன் பிரசை எங்கு வாழினும் வரி கேட்கும். அதனின்று தப்ப விரும்புபவன் பிரசாவுரிமையையே துறத்தல் வேண்டும். நாடற்றவனாகாதிருக்க இன்னொரு கடவுச்சீட்டை முன்கூட்டியே தேடிக்கொள்ளவும் வேண்டும். இந்த வரிக் கணக்கே நூலின் நடுப்பொருளாகியிருக்க வேண்டும் என்பது எமது கருத்து. ஓடிப்போகும் வரி எந்தப் பாடசாலைக்கு, எந்த வைத்தியசாலைக்கு உரியது என்ற கேள்வியை எழுப்பாமல், கடவுச்சீட்டின் விந்தைகளிலேயே ஆசிரியர் கூடுதலாக மனஞ்செலுத்தி விடுகிறார்.

எனினும் மறுமுனையைக் காட்டும் பகுதி நூலுக்கு நிலைத்த மதிப்பைத் தருகிறது. ஐக்கிய அரபு எமிரேற்ஸில் தலைமுறைகளாக வாழ்ந்தும் பிரசைகளாக ஏற்கப்படாதோர் உளர். 'இல்லாதோர்' என்ற பொருளில் அவர்களைப் பிதூன் என்பர். அவர்களுக்குத் தன் மண்ணில் பிரசாவுரிமை வழங்க மனமில்லாத அவ்வரசு, வறிய தீவுநாடான கொமொரோஸிடமிருந்து மொத்தமாகக் கடவுச்சீட்டு வாங்கியது. இதற்கான சட்டம் கொமொரோஸில் 2008இல் நிறைவேறிற்று. பெற்றவருள் மிகப் பலர் அத்தீவுகளைக் கண்டதில்லை. அங்கு குடியேறும் உரிமையும் அவர்க்கில்லை. பிதூன்களுக்காகக் குரலெழுப்பிய அகமது அப்துல் காலிக் கொமொரோஸ் கடவுச்சீட்டுடன் 2012இல் தாய்லாந்துக்கு நாடு கடத்தப்பட்டார். சொந்த ஊரில் 'அந்நியர்' ஆக்கப்பட்டவரை வெளியேற்றல் எளிதன்றோ! நூல் வெளிவந்த பின், 2022இல், கொமொரோஸின் முன்னாள் சனாதிபதி சம்பி இவ்விற்பனை தொடர்பில் ஆயுட் சிறைத் தண்டனை பெற்றார். வாங்கிய தரப்பை எந்த நீதிமன்றமும் அழைக்கவில்லை.

1948 மே மாதத்தில் பாரிஸ் நகரில் அமெரிக்கப் பிரசாவுரிமையைத் துறந்து, தன்னை உலகப் பிரசை என அறிவித்த கரி டேவிஸ் மீது ஆசிரியர் கொண்ட பரிவு பக்கங்களில் தெரிகிறது. குண்டுவீச்சு விமானியாயிருந்தவரின் அம்மனமாற்றத்தை நாமும் மதிக்கிறோம். ஆனால் அந்த 'உலகப் பிரசை' என்ற சொல்லையே இன்று கடவுச்சீட்டுத் தரகர் தம் விளம்பரத்தில் அணிந்துகொள்கின்றனர். எல்லையைக் கடப்பவன் எதற்காகக் கடக்கிறான் என்று கேளாமல் உலகப் பிரசையைப் போற்றுவதில் நாம் ஆசிரியருடன் உடன்பட இயலாது.

டேவிஸ் தம் உரிமையைத் துறந்த அதே 1948இல்தான், இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் தோட்டத் தொழிலாள மக்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டம், விண்ணப்பிப்போர் மணமானவராயின் 7 ஆண்டும் ஏனையோராயின் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. தேயிலைச் செடிகளுக்கிடையே பிறந்து வளர்ந்தவர் எந்தக் கடதாசியைக் காட்டுவர்? 2022 ஏப்ரலில் எமது அமைச்சரவை 'கோல்டன் பரடைஸ் விசா' என்ற திட்டத்துக்கு அனுமதி வழங்கிற்று. வெளிநாட்டவர் 1 இலட்சம் டொலர் வைப்பிலிட்டால், இங்கு 10 ஆண்டு வாழலாம்.