கட்டுக்குள் பிறக்கும் கட்டின்மை: ஆகா ஷாஹித் அலியும் ஆங்கிலக் கஸலும்

ஆங்கிலக் கவிதையை வாழ்நாள் முழுதும் பயில்வது ஒன்று. அதன் முன்னணிக் கவிஞர்கள் ஒரு வடிவத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வடிவத்தை விட்டுவிட்டனர் என எடுத்துரைக்கும் தகுதியை அப்பயிற்சியினாலேயே பெறுவது வேறொன்று. காஷ்மீரக் கவிஞர் ஆகா ஷாஹித் அலி (1949–2001) அத்தகுதி வாய்ந்தவர். உருதுவும் காஷ்மீரியும் ஆங்கிலமும் புழங்கிய ஸ்ரீநகர் இல்லத்தில் வளர்ந்தவர். பேகம் அக்தரின் குரலில் கஸலைக் கேட்டுணர்ந்தவர். அமெரிக்கா சென்று, டி. எஸ். எலியட் பத்திரிகையாசிரியராக ஆற்றிய பணியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1986இல் நூலாயிற்று. ஆதலின் அவரது கண்டனத்தை வெளியிலிருந்து எழுந்த உரிமைக் குரலாக மட்டும் கொள்வது பொருந்தாது.

கதை காலிபின் நூற்றாண்டு நினைவிலிருந்து தொடங்குகிறது. அதனையொட்டி அறிஞர் ஐஜாஸ் அஹ்மத், காலிபின் கஸல்களைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, விளக்கக் குறிப்புகளோடு அமெரிக்கக் கவிஞர் சிலரிடம் அளித்தார். ஆட்ரியன் ரிச், டபிள்யூ. எஸ். மெர்வின், வில்லியம் ஸ்டாஃபர்ட் முதலியோர் அவற்றைக் கவிதையாக்கினர். நூல் 1971இல் வந்தது. ரிச் 1968இலேயே தம் சொந்தக் கஸல்களையும் எழுதினார். ஈரடிகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் இயல்பை அவர் பற்றிக்கொண்டார். ரதீஃபையும் காஃபியாவையும் விட்டுவிட்டார். பின்வந்தோர் அதனையே கஸல் என நம்பினர்.

மத்லாவின் இரண்டு அடிகளிலும், அடுத்துவரும் ஒவ்வொரு ஷேரின் இரண்டாம் அடியிலும் இறுதியில் மாறாது வரும் சொல்லே ரதீஃப். அதற்கு முன் ஒலியொத்து வருவது காஃபியா. நம் யாப்பிலுள்ள இயைபை ஓரளவு ஒப்பிடலாம். ஆயின் இயைபு தமிழ்ச் செய்யுளுக்கு அழகு சேர்ப்பது. கஸலுக்கோ இது உயிர்நிலை. கவிக்கோ அப்துல் ரகுமான் வழியே, இக்கட்டு தளர்ந்த உருவில் கஸலைச் சுவைத்த நம் வாசகர்க்கு இவ்வேறுபாடு கருதத்தக்கது.

2000இல் ஷாஹித் தொகுத்த ஆங்கிலக் கஸல் திரட்டின் பெயர் 'ராவிஷிங் டிஸ்யூனிட்டீஸ்'. மனத்தைக் கொள்ளைகொள்ளும் ஒருமையின்மைகள் என்பது பொருள். நூற்றுக்கும் மேற்பட்ட கவிஞர்கள் அதில் உள்ளனர். முன்னுரையில் கஸல் என்னும் சொல்லின் உச்சரிப்பையே அவர் முதலில் திருத்துகிறார். கைன் எழுத்தை அறிந்த நமக்கு அது புன்னகை தரும். அமெரிக்க வாசகருக்கோ அதுவே முதற் பாடம். அவரது வாதத்தின் சாரம் இது: ஷேர்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி நிற்க உரிமை பெறுவது, ரதீஃப் அவற்றை இறுகப் பிணைத்திருப்பதனால்தான். முஷாஇராவில் மத்லாவைக் கேட்ட அவையோர், அச்சொல்லை நோக்கிக் கவிஞர் எவ்வாறு வந்து சேர்வார் எனக் காத்திருக்கின்றனர். பிணைப்பை நீக்கிவிட்டால் எஞ்சுவது சிதறிய வரிகளே, காத்திருக்க எதுவுமில்லை.

இவ்வாதம் வலிமையானதே. எனினும் ரிச்சின் கவிதைகளை அது வீழ்த்திவிடவில்லை என்பது என் கருத்து. போரும் கிளர்ச்சியும் நிறைந்த 1968ஆம் ஆண்டின் அமெரிக்காவுக்கு அச்சிதறல் பொருத்தமான மொழியாகவே இருந்தது, குறை பெயரில்தான். ஷாஹிதும் எல்லாக் கட்டுகளையும் காத்தவரல்லர். பஹ்ர் எனும் சந்த அளவை ஆங்கிலத்தில் அவர் வற்புறுத்தவில்லை. ஃபைஸின் கவிதைகளை மொழிபெயர்த்து 1991இல் வெளியிட்டபோது, கஸல்களிலும் ரதீஃபைக் கைவிட்டார். மொழிபெயர்ப்பாளருக்கு அளித்த சலுகையை மூலக் கவிஞருக்கு அளிக்க அவர் உடன்படவில்லை போலும்.

ஆனால் தமக்கே அவர் சலுகை தரவில்லை என்பதற்கு ஒரு சான்றுண்டு. 1997இல் வந்த தொகுதியில், 'அரபி' என்ற சொல்லை ரதீஃபாகக் கொண்ட கஸல் ஒன்றில் காஃபியா இல்லை. அதே கஸலைப் பின்னர் திருத்தி எழுதினார். ரதீஃப் 'அரபியில்' என நீண்டது, அதற்கு முன் காஃபியாவும் அமைந்தது. லைலாவுக்காக அழும் மஜ்னூன், ஸ்பானியக் கவிஞர் லோர்கா எனத் தொடர்பற்ற உலகங்கள் அங்கே ஒரே சொல்லில் வந்திறங்குகின்றன. மக்தாவில் கவிஞரின் பெயரே இரண்டாகப் பிரிகிறது: ஷாஹித் என்பதற்குப் பாரசீகத்தில் காதலுக்குரியவர், அரபியில் சாட்சி. திருத்தம் பெற்ற இக்கஸல், அவர் மறைந்தபின் 2003இல் வெளிவந்த 'கால் மீ இஷ்மேல் டுநைட்' என்னும் கஸல் தொகுதியில் உள்ளது.