எமகண்டம் யார் கழுத்தில்?

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினம் என்றாலே காளமேகப் புலவர்தான். திருமலைராயன் சபையில் அதிமதுர கவிக்கு எதிரே அவர் எமகண்டம் பாடியதாகக் கதை. கீழே நெருப்பு, கழுத்தில் கத்தி. கேட்டதைக் கேட்ட நொடியில் பாட வேண்டும், தவறினால் தலை போகும். இன்று செல்பேசியில் சாட்ஜிபிடியிடம் கேட்டால் கடிதமும் விளம்பரமும் அதே வேகத்தில் கொட்டுகின்றன. ஆனால் அதன் கழுத்தில் கத்தி இல்லை. வியாபாரத்தில் இந்தக் கருவியை நுழைப்பவர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள்.

கருவியைப் பழிக்க வரவில்லை. பிரான்சுக்குக் கடிதம் எழுத ஆள் தேடி அலையும் காரைக்கால் குடும்பங்களுக்கு, ஒரு பிரெஞ்சு வரைவு நிமிடத்தில் கிடைப்பது சின்ன உதவியா? தமிழிலும் நிலைமை தேறியிருக்கிறது. கருவி சொற்களை ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக்கித்தான் படிக்கும். நிறுவனங்களுக்குக் கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். ஆங்கிலத்தில் 27 துண்டான ஒரு வாசகம் தமிழில் 116 ஆக இருந்தது. 2024 மே மாதம் வந்த ஜிபிடி-4ஓ மாதிரி அதை 35 ஆக்கியது என்று சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே கணக்குக் காட்டியது.

தமிழ் சரளமாக வந்துவிட்டதால் விஷயமும் சரியாக இருக்கும் என்று நம்பும்போதுதான் வம்பு. காரைக்கால் வியாபாரி ஒருவர் நாகூர்க் கடைக்குச் சரக்கு அனுப்ப, பில்லுக்கு மாதிரி கேட்கிறார் என்று வையுங்கள். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், சைக்கிளிலேயே போய்விடலாம். ஆனால் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஜிஎஸ்டி குறியீடு 34. நாகூர் தமிழ்நாடு, குறியீடு 33. எல்லை தாண்டும் சரக்கு என்பதால் போட வேண்டியது ஐஜிஎஸ்டி. மூன்று பக்கமும் தமிழ்நாடாக இருக்கும் காரைக்காலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் சேர்த்து, ஒரே மாநிலத்துக்குள் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று கருவி அழகாகப் பிரித்துத் தந்தால்? பில்லில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. வியாபாரி சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டும்.

தவறு மென்பொருளுடையது என்று கைகழுவவும் முடியாது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், பாட்டி இறந்து ஊருக்குப் போகவிருந்த பயணிக்கு, பயணம் முடிந்த பிறகும் துக்கச் சலுகை கேட்கலாம் என்று தவறாகச் சொன்னது. வழக்கு வந்ததும், பாட் தனி ஆள், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற ரீதியில் நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஒதுக்கி, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அந்த பாட் பேசியது சாட்ஜிபிடி வெளிவருவதற்குச் சில நாள் முன்பு. இன்றைய கருவிகள் அதைவிட நயமாகப் பேசும், அவ்வளவுதான்.

ஆட்களே தேவைப்படாது என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. சுவீடனின் நிதி நிறுவனமான கிளார்னா, வாடிக்கையாளர் சேவையில் 700 பேரின் வேலையைத் தன் பாட் பார்ப்பதாக 2024-இல் பெருமையடித்தது. தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு, 2025-இல் மறுபடி ஆள் தேடியது.

வரைவு போட வைத்துக்கொள்ளுங்கள், முதலாளியே. பில்லை மட்டும் அனுப்புவதற்கு முன், சரக்கு இறங்கும் இடம் 33-ஆ 34-ஆ என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.