சத்திரக்காரனை மறந்த சமாரியர்

கடல் கடந்து சென்று பத்து நாள் மருத்துவ ஊழியம் செய்து திரும்பும் திருச்சபைக் குழுக்களின் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. எத்தனை நோயாளிகள் பார்க்கப்பட்டனர், எவ்வளவு மருந்து வழங்கப்பட்டது, குழுவினர் உள்ளம் எவ்வாறு உருகிற்று என்பனவே அவற்றின் பொருள். நல்ல சமாரியன் உவமை பலவற்றிற்கு முகப்பாக அமைகிறது. இவ்வூழியத்தின் பின்னுள்ள அன்பை நாம் ஐயுறவில்லை. ஆயினும், அது ஆதாரமாகக் கொள்ளும் திருமறைப் பகுதி முழுமையாக வாசிக்கப்பட்டதா எனக் கேட்பது இறையியல் பயில்வோரின் கடமையாகும்.

லூக்கா 10ஆம் அதிகாரம் 34ஆம் வசனம், சமாரியன் காயங்களைக் கட்டி, அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்ததைக் கூறுகிறது. அறிக்கைகள் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. அடுத்த வசனத்திலோ அவன் மறுநாளே புறப்படுகிறான். அவனும் வழிப்போக்கனே, ஆகவே குறுகிய காலம் தங்குவது குற்றமன்று. ஆனால் புறப்படுமுன் அவன் மூன்று காரியங்களைச் செய்கிறான். அவ்விடத்திலேயே வாழும் சத்திரக்காரனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறான். செலவுக்குப் பணம் தருகிறான். திரும்பி வந்து மீதிக் கணக்கைத் தீர்ப்பதாக வாக்களிக்கிறான். குணமாக்கும் பணியின் நீண்ட பகுதி சத்திரக்காரனுடையது.

ஹெய்ட்டி நாட்டைக் கருதுவோம். 2010 ஜனவரி 12 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்திற்கு முன்னும் பின்னும் அமெரிக்கச் சபைகளிலிருந்து பல குழுக்கள் அங்குச் சென்றன. இடிபாடுகளிடையே அறுவை மருத்துவர்கள் காத்த உயிர்கள் பல. அதை மறுப்பது நன்றியின்மை. எனினும், உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துச் சென்றால், இரண்டாம் மாதம் அவர் யாரிடம் போவார்? கால் துண்டிக்கப்பட்டவருக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடை பழக்குபவர் யார்? இலவச முகாமினால் உள்ளூர் மருத்துவரின் வாயில் வெறிச்சோடுமாயின், ஆண்டு முழுவதும் அங்கிருக்கும் சத்திரக்காரனையே நாம் அகற்றுகிறோம் அல்லவா? அதே ஆண்டு அக்டோபரில் பரவத் தொடங்கிய காலரா, அமைதி காக்க வந்த ஐ.நா. படையினரின் முகாமிலிருந்தே ஆற்றில் கலந்தது. வந்தவரின் நோக்கம் நல்லதாயிருப்பது மட்டும் தீங்கைத் தடுப்பதில்லை என்பதற்கு அது கசப்பான சான்று.

மாறான முன்மாதிரி தமிழர் வரலாற்றிலேயே உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவ அருட்பணியாளர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளிகளைப் பார்ப்பதோடு அமையவில்லை. தமிழ் இளைஞரை மருத்துவராகப் பயிற்றுவித்தார். பின்னர்த் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘இரணவைத்தியம்’ முதலிய நூல்கள் வெளிவரச் செய்தார். 1873இல் அவர் தாய்நாடு திரும்பியபோது மருத்துவம் அவரோடு கப்பலேறவில்லை. அவர் சத்திரக்காரரை உருவாக்கிய சமாரியர்.

இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்த அவரது பணியைப் பத்து நாள் குழுவிடம் எதிர்பார்த்தல் முறையன்று. ஆனால் அத்தகைய பணியைச் செய்யும் உள்ளூர்ச் செவிலியருக்கும் மருத்துவருக்கும் அக்குழு கைகொடுக்கலாம். அவர்கள் அழைத்தால் செல்லலாம். அவர்கள் கேட்பதைக் கற்பிக்கலாம். நோயாளிகளின் குறிப்புகளை அவர்களிடம் விட்டு வரலாம். மறு ஆண்டும் அதே ஊருக்குத் திரும்பலாம். நம் சபைகள் குழு அனுப்ப முற்படும்போது, பயணச் சீட்டு வாங்குமுன் சத்திரக்காரர் யாரெனக் கேட்டறிதல் நலம். திரும்பிய பின் எழுதும் அறிக்கையில், பார்த்த நோயாளிகளின் தொகைக்கு முன்னதாக அவருடைய பெயர் இடம்பெறட்டும்.