இல்லாத ஸ்பேனரின் நிழல்

மாஹிம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் தாராவிப் பட்டறைகள். அங்கே தரை யாருக்கும் போதாது. ஒரு லேத், ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஒரு வெல்டிங் மெஷின் என்று நிறுத்திவிட்டால் ஆள் திரும்ப இடமில்லை. மிச்சமிருக்கும் ஒரே நிலம் சுவர்தான். அதனால் இந்தப் பேட்டையில் ஒரு பட்டறையின் தராதரத்தை மெஷினை வைத்து நான் முடிவுசெய்வதில்லை. சுவரைப் பார்ப்பேன்.

பெரும்பாலான சுவர்களில் இருப்பது வெறும் ஆணி. ஆணியில் ஸ்பேனர், அதன்மேல் யாரோ கழற்றிப்போட்ட சட்டை, சட்டைக்கு மேல் சாப்பாட்டுப் பை. வேலை நடுவே "எலே, பதிமூணு எங்கலே?" என்று ஒரு நெல்லைக் குரல் கிளம்பும். "பானா இதர் ஹீ தா" என்று பதிலுக்கு ஓர் இந்திக் குரல். அப்புறம் ஐந்து நிமிடம் எல்லோரும் குனிந்து தேடுவார்கள். அபூர்வமாக ஏதோ ஒரு பட்டறையில் மட்டும் இந்தச் சத்தமே கேட்காது. அங்கே சுவரில் வெள்ளை பெயின்ட் அடித்த ப்ளைவுட் பலகை இருக்கும். ஒவ்வொரு கருவியின் உருவமும் அதில் கறுப்பாக வரையப்பட்டிருக்கும். கருவி தொங்கும்போது உருவம் அதன் பின்னால் மறைந்துவிடும். எடுத்தால் நிழல் மட்டும் நிற்கும். ஷேடோ போர்டு என்பது தொழிற்சாலைப் பேச்சு. பட்டறையில் டூல் போர்டு என்றாலே போதும்.

இதை ரசிப்பவர்கள் பலகை நிறைந்திருக்கும்போது பார்க்கக் கூடாது. நிறைந்த பலகை ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒழுங்கை எந்த ஹார்டுவேர் கடை ஷோகேஸிலும் பார்க்கலாம். ஒரே ஒரு கருவி வெளியே போயிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். பல் விழுந்த வாய் போல, கண் நேரே அந்த இடத்துக்குத்தான் போகும். எண்ண வேண்டாம், பதிவேட்டைப் புரட்ட வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், நேற்று ரயிலேறி வந்து இன்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் அது புரியும். நான்கு மொழி பேசும் பட்டறையில் இது சின்ன விஷயமில்லை.

பலகை செய்வதில் இரண்டு கட்சி உண்டு. கருவியைச் சுற்றிக் கோடு மட்டும் இழுப்பவர்கள் ஒரு பக்கம், உருவம் முழுவதையும் நிறத்தால் நிரப்புபவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. கோடு எண்ணெய்க் கை பட்டுச் சீக்கிரம் தேயும். அதைவிடப் பெரிய குறை, கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். நிரப்பிய நிழலைக் கருவியைவிட அரை நூல் உள்ளடங்கி வெட்டினால், எல்லாம் தொங்கும்போது பலகை சும்மா கிடக்கும். ஏதாவது குறையும்போது மட்டும்தான் வாயைத் திறக்கும். அந்த மௌனத்துக்காகவே இந்த வேலைக்கு மதிப்பு.

ஸ்பேனர் செட்டில்தான் செய்தவரின் கெட்டிக்காரத்தனம் தெரியும். 10–11, 12–13, 14–15 எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உருவம். அவசரத்தில் ஒன்றின் நிழலில் இன்னொன்று ஏறிக்கொள்ளும். விவரமானவர்கள் எண்ணை நிழலுக்குள்ளேயே வெள்ளையில் எழுதுகிறார்கள். கருவி போன பிறகுதான் எண் கண்ணில் படும், அதுவும் போனதன் எண் மட்டும். இதைவிடச் சிக்கனமான எழுத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

அடுக்கும் வரிசையிலும் ரசனை உண்டு. சின்னதிலிருந்து பெரியது வரை படிப்படியாக மாட்டினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், கைக்கு உதவாது. கை தேடுவது அளவை அல்ல, அடுத்த வேலையை. நாளெல்லாம் எடுக்கும் அலன் கீ கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை தொடும் பைப் ரெஞ்சு கீழே போகலாம். கனமும் அதுதான், மேலிருந்து விழுந்தால் பாதத்தைப் பார்க்கும். லேத்துக்கென்று ஒரு பலகை இருந்தால் நான் முதலில் தேடுவது சக் கீயின் இடத்தை. சக்கில் வேலைப்பொருளை இறுக்கிவிட்டுச் சாவியை அதிலேயே மறந்து ஸ்விட்சைப் போட்டால், அது தோட்டா மாதிரி பறக்கும். எனவே அதன் நிழல் ஸ்விட்சுக்குப் பக்கத்தில், சிவப்பில் இருக்க வேண்டும்: சிவப்பு தெரிந்தால் ஸ்விட்சைத் தொடாதே. சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், சாவி தன் இடத்தில் உட்கார்ந்தால் ஒழிய மோட்டார் ஓடாதபடி மின்சுற்றையே இணைத்துவிடுகிறார்கள்.

தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் கிரைண்டர்களுக்கும் இதே கதைதான். அந்த மெஷின்களில் பலவற்றைச் செய்வதும் தாராவியே. பிளேடு மழுங்கும், கழற்றிச் சாணை பிடித்து மறுபடி முடுக்குவார்கள். முடுக்கிய ஸ்பேனர் வாய்க்குள்ளேயே கிடந்து, வெளியே ஒருவர் ஸ்விட்சைப் போட்டால் சாணை பிடித்த பிளேடும் போச்சு, எதிரே நிற்பவரின் முகமும் போச்சு.

விமானத் தொழில் இந்தப் பலகையை மதமாகவே வைத்திருக்கிறது. கருவிப் பெட்டியின் ஒவ்வொரு தட்டிலும் இரட்டை நிற ஃபோம்; மேல் அடுக்கு கறுப்பு, வெட்டிய பள்ளத்தின் அடியில் மஞ்சளோ சிவப்போ. ஷிஃப்ட் முடியும்போது பள்ளங்களில் நிறம் தெரியக் கூடாது. ஆனாலும் 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் குவாண்டாஸின் ஏ380 ஒன்றின் எஞ்சினைச் சோதித்தபோது, 1.25 மீட்டர் நீள நைலான் கருவி உள்ளேயே தங்கிவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று கண்டெடுக்கும்வரை அந்த விமானம் 34 முறை பறந்தது, ஏறத்தாழ 294 மணி நேரம். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று: கருவி திரும்பி வரவில்லை என்பது தெரிந்துதான் இருந்தது, தேடும் நடைமுறையைத் தொடங்காமலே விமானத்தை அனுப்பிவிட்டார்கள். நிழல் தன் வேலையைச் செய்தது. வண்டியை நிறுத்தும் அதிகாரம் நிழலுக்குக் கிடையாது.

யார் எடுத்தார்கள் என்பதையும் நிழல் சொல்லாது. அதற்குப் பழைய தொழிற்சாலைகளில் அழகான ஏற்பாடு ஒன்று இருந்தது. மாஹிமிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாட்டுங்கா ரயில்வே பணிமனை 1915-இல் ஜி.ஐ.பி. ரயில்வே தொடங்கியது. அந்தக் காலத்துப் பணிமனைகளில் டூல் ரூம் ஜன்னலில் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை நீட்டித்தான் கருவி வாங்க வேண்டும். கருவி போன கொக்கியில் வில்லை தொங்கும். ஷேடோ போர்டில் காலியான நிழலின்மேல் அப்படி ஒரு வில்லையும் தொங்கினால் என்ன குறைகிறது, யாரிடம் இருக்கிறது, இரண்டும் ஒரே பார்வையில் முடிந்துவிடும். இன்று பிளாஸ்டிக் டோக்கன் வந்துவிட்டது. பித்தளைக்கு ஈடாகாது என்பது என் பிடிவாதம்.

தாராவியின் தோல் பட்டறைகளில் இந்தப் பலகைக்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. கைப்பைக்கும் பர்ஸுக்கும் தோல் வெட்ட வைத்திருக்கும் அட்டை மாதிரிகளை, மாடல் வாரியாகக் கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். மேல்மடிப்பு, பக்கத்துண்டு, பிடி, உள்பை என்று கொத்துக் கொத்தாக, விளிம்பெல்லாம் தோல் கறை ஏறி, பார்க்கவே சுகமாக இருக்கும். குறை ஒன்றுதான்: பக்கத்துண்டு ஒன்று கழன்று போயிருந்தால் கொத்து அதைக் காட்டாது. பாதித் தோல் வெட்டிய பிறகுதான் தெரியவரும்.

ஜப்பானிய டொயோட்டா தொழிற்சாலைகளில் வளர்ந்த 5எஸ் முறையில் செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஐந்து படிகள். ஷேடோ போர்டு இரண்டாவது படியின் பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்பதே அந்தப் படி. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கான ஜப்பானிய டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதலாக. சென்னையில் ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் 5எஸ் சொல்லிக்கொடுக்கிறது. அதற்கும் வெகு முன்பிருந்தே நம் ஆட்களுக்கு வருடத்தில் ஒரு நாள் இந்த ஒழுங்கு வாய்க்கிறது. ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளும் வெளியே வந்து, கிரசினில் குளித்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் உட்காரும். தொலைந்த கருவிகளின் கணக்கும் அன்றைக்குத்தான் வெளிவரும். மறுநாள் பழையபடி சாக்குப்பைதான்.

உலகத்தில் மிகப் புகழ்பெற்ற ஷேடோ போர்டு இருப்பது தொழிற்சாலையில் இல்லை, சமையலறையில். அமெரிக்க சமையல் ஆசான் ஜூலியா சைல்டின் வீட்டில் துளைப்பலகையில் வாணலிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு வரைந்து வைத்தவர் அவர் கணவர் பால். 2001-இல் அந்தச் சமையலறையையே பெயர்த்துக் கொண்டுபோய் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். பால் கோட்டுக் கட்சிக்காரர். ஆனாலும் மன்னிக்கலாம், ஒவ்வொரு வாணலியையும் எடுத்துப் பிடித்துப் பார்த்தவர் போட்ட கோடு அது.

போலிகளும் நிறைய. ஆடிட்டர் வருகிறார் என்றதும் ஃப்ளெக்ஸ் கடையில் அச்சடித்து ஒட்டிய பலகைகளைப் பார்த்திருக்கிறேன். நிழல் ஒரு கம்பெனி ஸ்பேனருக்கு, தொங்குவது வேறொரு கம்பெனி ஸ்பேனர். கருவியில் தூசி படிந்திருக்கும், வேலை செய்கிறவர் தன் சொந்த ஸ்பேனரைப் பேன்ட் பையில் வைத்திருப்பார். இந்தப் பைத்தியம் முற்றியதன் உதாரணம் பிரிட்டனின் வரித்துறை: மேசையில் பேனாவுக்கும் ஸ்டேப்ளருக்கும் கறுப்பு டேப் ஒட்டி இடம் குறித்தார்கள் என்று 2007-இல் செய்தி வந்தது, மேசைமேல் வாழைப்பழம் இருக்கலாமா கூடாதா என்பது வரைக்கும் விவாதம் போயிற்று. ஸ்டேப்ளர் தொலைந்தால் யார் கையும் போகாது. கண்டதற்கெல்லாம் நிழல் வரைந்தால், வேண்டிய நிழலும் கண்ணில் படாமல் போகும்.

பம்பாய் மழையைத் தாங்குகிறதா என்பதுதான் கடைசிப் பரீட்சை. மாஹிம் கழிமுகத்து உப்புக் காற்றில் ஆணி இரண்டு மழைக்காலத்தில் துருவேறி, பலகையில் செம்பழுப்பாக ஒழுகும். ஹார்டுபோர்டு ஓதம் குடித்து உப்பும், ஸ்டிக்கர் ஓரத்திலிருந்து உரியும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, துத்தநாகம் பூசிய கொக்கி போட்டு, எனாமல் பெயின்டில் நிழல் வரைந்தவர்களின் பலகைதான் நிற்கிறது.

பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உடனே பெயின்ட் வாங்காதீர்கள். முதல் மாதம் சாக்பீஸால் மட்டும் வரையுங்கள். அதையும் முதலாளி வரைய வேண்டாம், கருவியைப் பிடிக்கிறவர் வரையட்டும். அவர் கை எங்கே போகிறதோ அதற்குத் தக்கபடி அழித்து அழித்து மாற்றட்டும். மாற்றுவது நின்ற பிறகு கறுப்பு எனாமல் வாங்கினால் போதும். சின்னப் பட்டறைக்குக் கால் லிட்டரே மிச்சமாகும்.