மத்திகிரியிலிருந்து மின்னகம் வரை: ஒரு புகாரின் வழித்தடம்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் மின்சாரம் போனால் 94987 94987 என்ற எண்ணை அழைக்கிறோம். மணி அடிப்பது சென்னையில். 2021 ஜூன் 20 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த மின்னகம் என்ற புகார் மையம் இரவு பகலாக மாநிலம் முழுவதன் மின்புகார்களையும் வாங்கி, அந்தந்தப் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்புகிறது. இ.பி. ஆபீஸில் யாராவது போனை எடுப்பார்களா என்று காத்துக்கிடந்த ஊர்களுக்கு இது உண்மையான முன்னேற்றம். எவ்வளவு குறை சொன்னாலும் இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் சொல்ல வேண்டும்.

மத்திகிரி போன்ற எல்லையோர ஊருக்கு அந்தப் பத்து இலக்க எண்ணே ஒரு வரம். 1912 என்பது நாடு முழுவதற்குமான மின்புகார் எண். பெங்களூரில் அதை அழைத்தால் அங்குள்ள மின் பகிர்மான நிறுவனமான பெஸ்காம் எடுக்கும். கர்நாடக எல்லையை ஒட்டி நிற்பவரின் கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. குறுகிய எண் வழி தேடுவது அந்தக் கோபுரத்தின் தொலைத்தொடர்பு வட்டத்தை வைத்துத்தான். பத்து இலக்க எண்ணோ எங்கிருந்து அழைத்தாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்.

இன்னொரு பலம் மின் இணைப்பு எண். அதன் முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு, அதற்கடுத்த மூன்று பகிர்மானம். வீட்டுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. எண்ணைச் சொன்னாலே புகார் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆனால் மின் கட்டண அட்டை வீட்டுக்காரரிடம் இருக்கும். ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்பி வந்து, ஒற்றை அறையில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கு அந்த எண் தெரியாது. தெருப்பெயரும் அரைகுறையாகத்தான் தெரியும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டுமொழியாக இருக்கும் பகுதி இது. அழைப்பவரின் மொழி தெரிந்தவரிடம் அழைப்பைச் சேர்ப்பது மென்பொருளுக்குப் புதிதல்ல: சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க் மென்பொருளே முறைவைத்தும், பளுவைப் பார்த்தும், திறமையைப் பார்த்தும் வேலையைப் பிரித்துக்கொடுக்கிறது. எல்லை மாவட்டங்களுக்கு மொழியை முதல் தகுதியாக வைக்காத எந்தப் புகார் மையமும் பாதிக் கதவை மூடிவைத்திருக்கிறது.

அழைப்பு வேறு, வேலை வேறு. எத்தனை பேர் அழைத்தால் எத்தனை பேர் எடுக்க வேண்டும் என்ற கணக்கை கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் எர்லாங் 1917இலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். போனை வைத்ததும் அழைப்பு முடிந்துவிடும். வேலையோ லைன்மேன் கம்பத்தில் ஏறி இறங்கும் வரை உயிரோடிருக்கும்; அதற்குள் பல கை மாறும். அழைப்புக்கென்று பிறந்த மென்பொருள்கள் காத்திருந்த நேரத்தையும் பேசிய நேரத்தையும் நுணுக்கமாகச் சேர்த்துவைக்கின்றன. கைமாறிய கதையில்தான் கோட்டை விடுகின்றன.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மழை இரவில் மத்திகிரிப் புகார் ஒன்று தவறான பிரிவுக்குப் போகிறது. அங்கே காலைவரை கிடந்து, பிறகு சரியான பிரிவுக்கு மாறுகிறது. அவர்கள் ஒரு மணி நேரத்தில் பீஸ் போட்டுவிடுகிறார்கள். தரவுத்தளத்தில் 'பொறுப்பு அலுவலகம்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்து, ஒவ்வொரு மாற்றத்திலும் பழையது அழிந்து புதியது ஏறினால், மாத அறிக்கையில் அந்த முழு இரவும் சரியான பிரிவின் தலையில் விழும். வேலை செய்தவருக்கு மெமோ, தூங்கியவருக்குப் பாராட்டு. அதைவிட மோசம், தவறாக அனுப்பிய விதி திருத்தப்படாமலே நீடிக்கும். அடுத்த மழையிலும் அதே தவறு நடக்கும். ஒவ்வொரு கைமாற்றமும் நேரத்தோடும் காரணத்தோடும் தனி வரியாக, அழியாமல் ஏற வேண்டும்.

ஊரின் எல்லைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தனிப் பேரூராட்சியாக இருந்த மத்திகிரி ஓசூர் நகராட்சியோடு சேர்ந்தது. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. மின் உற்பத்தி, பகிர்மானக் கழகமும் 2024இல் பிரிக்கப்பட்டு, பகிர்மானம் தனிக் கழகமாயிற்று. பழைய புகார்களின் மேல் இன்றைய அலுவலகப் பெயரை ஏற்றினால், இந்த டிரான்ஸ்ஃபார்மர் பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் படுத்துவிடுகிறது என்ற செய்தி அந்தக் குழப்பத்தில் காணாமல் போகும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் வரும் இருபது புகாரும் ஒரே வேலை என்று கண்டுபிடிக்க உதவுவதும் அழிக்கப்படாத பழைய பதிவுதான்.

அதற்காக எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்கலாமா? கூடாது. அழைத்தவரின் கைபேசி எண்ணும் குரல்பதிவும் வேலை முடிந்து, சிறிது காலம் கழிந்தால் யாருக்கும் தேவைப்படாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கம் தீர்ந்த தரவை அழிக்கச் சொல்கிறது. அரசு அமைப்புகளுக்கு மட்டும் அந்தக் கடமையிலிருந்து விலக்குத் தருகிறது. அந்த விலக்கைப் பகிர்மானக் கழகம் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நள்ளிரவில் யார் எங்கிருந்து அழைத்தார் என்ற பட்டியல் தவறான கைக்குப் போனால் தனியாக வாழும் பெண்ணுக்கும் முதியவருக்கும் அது ஆபத்து. ஆளின் அடையாளத்தை நீக்கிவிட்டு, புகாரின் பாதையை மட்டும் காத்துவைத்தால் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மின் இணைப்பு எண்ணை இன்றே வீட்டுக்காரரிடம் கேட்டுக் கதவுக்குப் பின்னால் எழுதிவையுங்கள். மின்சாரம் வராமலே புகார் முடிக்கப்பட்டால் மறுபடி அழையுங்கள். பழைய புகாரின் பதிவு எண்ணைச் சொல்லி, அது எந்த அலுவலகத்துக்குப் போனது, ஏன் முடிக்கப்பட்டது என்று கேளுங்கள்.