கிடையோடு ஓர் இரவு

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காயாத வயலில் நெல்லுக்கு நடுவே உளுந்தும் பச்சைப் பயறும் தெளித்துவிடுவார்கள். பங்குனி கடைசியில் அதையும் பறித்து முடித்தால் சிதம்பரம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வயலெல்லாம் வெறுந்தரை. பிச்சாவரத்தில் படகு ஏறவும் தில்லையில் நடராசரைப் பார்க்கவும் வருகிறவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வெயிலை வேகமாகக் கடந்துபோகிறார்கள். கடலூர் மாவட்டத்தைப் பார்க்க அதைவிட நல்ல பருவம் கிடையாது என்பேன். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் எனும் மேய்ப்பர்கள் செம்மறிகளைப் பத்திக்கொண்டு வந்து, அந்த வெறுந்தரையில் இரவுக்கிரவு கிடை போடும், அதாவது வயலுக்கு எரு விழ ஆடுகளைப் படுக்கவைக்கும், பருவம் அது. சம்பாவுக்குத் தண்ணீர் பாயப் பாய, காலி நிலம் தேடி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஊர் திரும்பிவிட வேண்டும். சேற்றில் நின்றால் குளம்பு அழுகும். மழைக்காலத்துப் பூச்சிக்கடியில் நீலநாக்கு நோய் பரவும். சொந்த ஊர் மானாவாரி நிலத்தில் புல் தலைகாட்டுவதும் அப்போதுதான்.

மேய்ச்சல் குடும்பங்களோடு போய்த் தங்குவது உலகின் பல பக்கங்களில் ஒரு பயண முறையாகவே வளர்ந்திருக்கிறது. மங்கோலியாவில் கெர் என்ற வட்டக் கூடாரத்தில் விருந்தாளிக்கும் படுக்கை விரிப்பார்கள். லடாக்கின் சாங்தாங் மேட்டில் பஷ்மினா ஆடு வளர்க்கும் சாங்பாக்களைத் தேடிப் பயணிகள் போகிறார்கள். மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான ஆண்டாக 2026-ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபின் இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கும். ஆனால் அந்த முறையை அப்படியே எடுத்து நம் கீதாரியின் தலையில் வைக்க முடியாது. சாங்பா, தலைமுறையாகத் தான் மேய்த்துவரும் நிலத்தில் நின்று விருந்தாளியை வரவேற்கிறார். கீதாரி நிற்பதோ இன்னொருவர் வயலில், அதுவும் ஓரிரு இரவுக்கு. ஒரு தார்ப்பாய், மூன்று கல் அடுப்பு, நாலைந்து பாத்திரம், குட்டி அடைக்கும் கூடு, கம்பளி, தொரட்டி. அவருக்கே கூரை இல்லாத இடத்தில் நமக்கு அறை எங்கிருந்து வரும்? இதை ஒரு சுற்றுலாத் தொகுப்பாகக் கட்டி விற்க யாராவது கிளம்பினால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருவர் மட்டும், ஒரே இரவு, சொந்தப் பாய், சொந்தத் தண்ணீர், சொந்தச் சாப்பாடு. இதற்கு மேல் போனால் அவர்களுக்குப் பாரம்.

தேடிப் போவது கடினமில்லை. ஊர் டீக்கடையில் "கிடை எங்க போட்டுருக்காங்க?" என்று கேட்டால் போதும். ஆனால் கண்டதும் நேரே கிடைக்குள் நடந்துவிடக் கூடாது. அந்த வயல்காரரிடம் முதலில் சொல்ல வேண்டும். பிறகு கீதாரியிடம் கேட்க வேண்டும். இருவரும் சரி என்ற பிறகும், சமைத்துக்கொண்டிருக்கும் அந்த வீட்டு அம்மாவின் முகத்தைப் பாருங்கள். திறந்த வெளியில் படுக்கும் பெண்களுக்கு அந்நியர் ஒருவர் பக்கத்தில் இருப்பது சங்கடமாக இருக்கும். அப்படித் தெரிந்தால் சாயங்காலத்தோடு கிளம்பி, விடியற்காலை திரும்பி வாருங்கள். இரவு தங்காதது ஒரு குறையே இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும். ஆடு திருட்டுக்குப் பயந்து இரவெல்லாம் முறை வைத்துக் காவல் இருப்பவர்கள் அவர்கள். இருட்டியபின் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வரப்பில் ஏறினால் அவர்களும் பதறுவார்கள், ஆடும் மிரண்டு சிதறும். டிரோன், கேமரா வெளிச்சம், கூட வளர்ப்பு நாய் எதுவும் ஆகாது. எத்தனை உருப்படி என்று எடுத்ததும் கேட்காதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று விசாரிப்பது போல அது. "இந்த வருசம் எந்தப் பக்கமா வந்தீங்கண்ணே?" என்று கேளுங்கள். பேச்சு தானே விரியும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனக் கடந்த ஊர்களும், ஆடு தண்ணீர் குடித்த ஏரிகளும், மருந்தடித்த பருத்திக் கொல்லைக்குப் பயந்து சுற்றிப்போன பாதைகளும் வரிசையாக வரும்.

இனி ரசிப்பது. கண்ணைவிடக் காதுக்கும் மூக்குக்கும் இங்கே வேலை அதிகம்.

முதலில் ஆட்டைப் பார்த்துப் பழகுங்கள். பெரும்பாலும் வெள்ளையாக, கிடாக்களுக்கு முறுக்கிய கொம்போடு இருந்தால் இராமநாதபுரம் வெள்ளை. கருஞ்சிவப்பு உடலும் கறுத்த வயிறுமாக இருந்தால் கீழக்கரிசல். வெள்ளையில் செம்புள்ளிகள் விழுந்து காது தொங்கினால் வேம்பூர் ஆடு, சிலர் பொட்டு ஆடு என்பார்கள். எதற்கும் கம்பளி நெய்யும் அளவுக்கு உரோமம் கிடையாது. வெயிலைத் தாங்க வந்த பிறவிகள். அவையும் உச்சிப் பொழுதில் கூட்டமாக நின்று, ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொள்ளும். மரமே இல்லாத வயலில் அவை தாமே உண்டாக்கிக்கொள்ளும் நிழல் அது.

மந்தை திரும்பும் சாயங்காலம்தான் கிடையின் உச்சம். இளங்குட்டிகளைப் பகல் முழுக்கக் கூட்டிலேயே அடைத்து வைத்திருப்பார்கள். தாய்கள் வரப்பில் ஏறும்போதே குட்டிகள் கத்தத் தொடங்கும். தாய்களும் பதிலுக்குக் கத்தும். கூட்டைத் திறந்துவிட்டதும் எழும் சத்தம் புதியவர்களுக்கு வெறும் இரைச்சல். கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஒரு குட்டியைக் குறித்துக்கொண்டு அதைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். தூரத்தில் குரலை வைத்துத் தேடும். தப்பான தாயிடம் போய் முட்டு வாங்கிக்கொண்டு விலகும். சரியான இடத்துக்கு வந்ததும் தாய் அதன் வால் பக்கம் மோந்து பார்த்துவிட்டுத்தான் காம்பைக் கொடுக்கும். மோப்பம் ஒத்துப்போனதும் அந்த இரண்டு குரலும் நின்றுவிடும். இப்படி ஒவ்வொரு சோடியாகச் சேரச் சேர, சத்தம் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும். அந்த இறக்கத்தைக் கேளுங்கள். கடைசியில் எங்கோ ஓரிரு குரல் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருக்கும்; தாயில்லாத குட்டி அது, அல்லது பால் வற்றிய தாயின் குட்டி. கீதாரி வீட்டுப் பெண்கள் அந்தக் குரலை முன்பே எதிர்பார்த்திருப்பார்கள். வேறொரு ஆட்டைக் காலிடுக்கில் பிடித்து நிறுத்தி, அந்தக் குட்டிக்கு ஊட்ட வைப்பார்கள். கிடையில் ஆண்களின் உழைப்பு நடையில் தெரியும். பெண்களின் உழைப்பு தெரிவது இந்த அரை மணி நேரத்தில்.

சிதம்பரத்தில் சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் ஆயிரங்கால் மண்டபம் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். மேய்ப்பவன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி வந்து மோந்து கதறியதும், அதைப் பொறுக்காத ஒரு யோகி அவன் உடலில் புகுந்து திருமூலரானதும் அந்த நூலில் வருகிற கதை. கோயிலுக்கு வருகிறவர்கள் கிடைக்கும் ஒரு நடை வந்தால், அந்தக் கதையில் மாடுகளின் அழுகை ஏன் அவ்வளவு பெரிய காரணமாக நிற்கிறது என்பது விளங்கும்.

இருட்டிய பிறகு ஆடுகள் படுத்து அசைபோடும். நூற்றுக்கணக்கான தாடைகள் அரைக்கும் அந்த மெல்லிய ஒலியை வேறெங்கும் கேட்க முடியாது. படுத்த ஆட்டை எழுப்பினால் அது முதலில் சிறுநீர் விடும். அதனால் சில கிடைகளில் நடுச்சாமத்தில் ஆட்டை எழுப்பி இடம் மாற்றுவார்கள். வயல் முழுக்க ஒரே சீராக எரு விழ வேண்டும் என்பது கணக்கு. மாட்டுத் தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு என்றால், ஆட்டெருவில் ஏறக்குறைய 3 பங்கு. மணிச்சத்து 1, சாம்பல் சத்து 2. "ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்" என்று விவசாயிகள் சொல்வது வேகத்தை. விடியற்காலையில் மூக்கைக் கொஞ்சம் எரிக்கும் ஒரு நெடி கிளம்பும். முகம் சுளிக்க வேண்டாம். சிறுநீரின் தழைச்சத்து காற்றில் போய்க்கொண்டிருக்கும் நெடி அது. விவரம் தெரிந்த வயல்காரர் அதை மோந்ததுமே, வெயில் ஏறுமுன் ஓர் உழவு ஓட்டிப் புரட்டிவிட ஆள் தேடுவார். ஒரு காலத்தில் கிடைக்குக் கூலி நெல்லாக அளந்தார்கள். இப்போது ஆட்டின் எண்ணிக்கைக்கும் இரவுகளுக்கும் ஏற்றபடி பணம்.

போவதற்கு முன் படித்துவிட்டுப் போனால் நல்லது. கி. ராஜநாராயணனின் 'கிடை', சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' இரண்டுமே கிடைக்கும். 'கிடை'யை வைத்து அம்ஷன் குமார் எடுத்த படம் 'ஒருத்தி'. 2019-ல் வந்த 'தொரட்டி'யும் கீதாரிகளின் கதைதான்.

அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. காவிரிப் பாசன மாவட்டங்களில் ஆடும் வாத்தும் மேய்க்கச் சிறுவர்களை முன்பணத்துக்கு எழுதி வாங்கி வைத்திருந்ததும், அதிகாரிகள் மீட்டதும் பலமுறை செய்தியாக வந்திருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976-ஆம் ஆண்டே வந்துவிட்டது. பெற்றோரோடு இருக்கும் பிள்ளை குட்டிகளோடு விளையாடுவது வேறு. யாருமற்ற சிறுவன் ஒருவன் மந்தையோடு தனியே அலைவது வேறு. இரண்டாவதைக் கண்டால் அங்கேயே சண்டை பிடிக்காதீர்கள், படம் எடுத்துப் பரப்பவும் வேண்டாம். வெளியே வந்து 1098-க்குப் பேசுங்கள். அந்த வாழ்க்கையின் மேல் பிரியம் இருக்கிறவர்கள் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரு சிலரின் கொடுமைக்காக எல்லாக் கீதாரிகளையும் பழிப்பதும் தவறு.

பணம் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்க வேண்டும். ஒளித்துக் கையில் திணிக்காமல், இரவு காவல் இருந்த எல்லோருக்கும் என்று சொல்லிக் கீதாரியிடம் எல்லோர் முன்னாலும் கொடுங்கள். ஆட்டுக்காரப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய் கொண்டுபோவதும் நல்லதுதான். சுமக்கிற அளவாக இருக்க வேண்டும், நாளைக்கு அந்த அடுப்பு இன்னொரு ஊரில் எரியும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் பலருக்கு இந்த வட்டாரத்தில் பூர்வீக நிலம் இருக்கும். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பீர்கள். நிலம் குத்தகையில் இருக்கும். யூரியா மூட்டைக்குப் பணம் அனுப்புவீர்கள். இந்த வருடம் குத்தகைக்காரரைக் கூப்பிட்டு, "உளுந்து எடுத்ததும் நம்ம வயல்ல ரெண்டு ராத்திரி கிடை போடலாமாண்ணே, கூலி நான் தர்றேன்" என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் அந்த இரண்டு இரவில் ஒன்றுக்கு ஊருக்கு வந்துவிடுங்கள். அங்கே நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை, இடம் கொடுத்தவர். போர்செட்டைப் போட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கிடையில் இருப்பவர்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது, பெண்கள் குளிக்க மோட்டார் கொட்டகையைத் திறந்துவிடுவது, பக்கத்து வயல்காரரிடம் ஆடு வரப்பு தாண்டினால் கோபிக்க வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லி வைப்பது, காலையில் உழவுக்கு டிராக்டர் சொல்லி வைப்பது, எல்லாம் உங்கள் பொறுப்பு. கிடையைக் கிளப்பும்போது அடுத்த வருடம் எந்த மாதம் இந்தப் பக்கம் வருவார்கள் என்று கேட்டு, கீதாரியின் செல்போன் எண்ணை வாங்கிவைக்கக் குத்தகைக்காரரிடம் சொல்லுங்கள்.